அரிய ஐசோடோப்புகளும் அவை ஓடும் பாதையும்

கால்சியம்-52 இயற்கையில் கிடைக்காது. செய்துதான் பார்க்க வேண்டும், செய்தாலும் 4.6 நொடிக்குள் பாதி அழிந்துபோகும். ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே நிலையத்தில், யுரேனியம் கார்பைடு இலக்கின் மேல் புரோட்டான்களை மோதவிட்டு, பிறக்கும் எத்தனையோ அணுக்கருக்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அளவீட்டுக் கருவியின் வாசலுக்கு வந்துசேர்வது நொடிக்குச் சில நூறு அயனிகள்தான். அவற்றைக் கொண்டே அந்த அணுக்கருவின் மின்னூட்ட ஆரத்தை அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். கால்சியம்-40-க்கும் கால்சியம்-48-க்கும் எட்டு நியூட்ரான் வித்தியாசம் இருந்தும் ஆரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 48-இலிருந்து 52-க்குப் போகும்போது ஆரத்தின் இருமடிச் சராசரி 0.53 சதுர ஃபெம்டோமீட்டர் கூடிவிடுகிறது. நியூட்ரான் எண் 32 ஒரு மாய எண்ணாக இருக்கலாம் என்று நிறை அளவீடுகள் சொல்லியிருந்தன. மாய எண்ணில் அணுக்கரு இறுகியிருக்க வேண்டும். இங்கே அது பருத்திருந்தது. அன்றைய கோட்பாடுகள் எதுவும் இவ்வளவு வளர்ச்சியை எதிர்பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட முடிவுகளைப் பற்றிப் பேசும்போது முடுக்கியைப் பற்றிப் பேசுகிறோம், லேசரைப் பற்றிப் பேசுகிறோம், கணக்கிட்ட கோட்பாட்டாளர்களைப் பற்றிப் பேசுகிறோம். இவற்றுக்கு நடுவே கிடக்கும் சில மீட்டர் நீள எஃகுக் குழாயை, அங்கே வேலை செய்பவர்கள் பீம்லைன் என்று அழைக்கும் அயனிக் கற்றைப் பாதையை, யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்தத் துறையின் ஐம்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் பெரிய பாய்ச்சல்கள் பலவும் அந்தப் பாதையில் செய்த திருத்தங்களால் வந்தவை என்பது தெரியும். அந்தத் திருத்தங்களில் முக்கியமானவை சமிக்ஞையைப் பெருக்கவில்லை, இரைச்சலை அடக்கின. அடுத்த பத்தாண்டுக்கான பணமும் ஆளும் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில் விடை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஒளியில் தெரியும் அணுக்கரு

அணுக்கருவை லேசரால் நேரடியாகப் பார்க்க முடியாது. அணுவின் அளவு 10⁻¹⁰ மீட்டர். கருவின் அளவு 10⁻¹⁵ மீட்டர். ஆனால் எலக்ட்ரான்களுக்குக் கரு தெரியும். கருவின் ஆரம் சற்று மாறினால் எலக்ட்ரான் உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண்ணும் சற்று நகரும். இதுதான் ஐசோடோப்பு நகர்வு. கருவுக்குத் தற்சுழற்சி இருந்தால் அந்த ஒளிக்கோடு பல நுண்கோடுகளாகப் பிளக்கும். பிளவின் இடைவெளிகளிலிருந்து காந்தத் திருப்புத்திறனையும், கரு உருண்டையா நீண்டதா என்று சொல்லும் மின் நான்முனைத் திருப்புத்திறனையும் கணக்கிடலாம். இந்த எண்களைப் பெற அணுக்கரு மாதிரி எதையும் நம்பியிருக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய பலம். சிக்கல் அளவில் இருக்கிறது. ஒளியின் அதிர்வெண் 10¹⁵ ஹெர்ட்ஸை நெருங்கும். நாம் தேடும் நகர்வோ சில பத்து முதல் சில நூறு மெகாஹெர்ட்ஸ்.

1972-இல் ஐசோல்டேயில் பாதரச ஐசோடோப்புகளை ஆராய்ந்தபோது, நியூட்ரான் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகையில் கருவின் ஆரம் திடீரென்று ஒரு குதி குதித்தது. பாதரசம்-185-இலும் 183-இலும் கரு நீண்டு உருமாறியிருந்தது. பக்கத்து இரட்டைப்படை ஐசோடோப்புகள் உருண்டைக்கு நெருக்கமாகவே இருந்தன. அந்த ஒரு முடிவு இந்தத் துறைக்கு உயிர் கொடுத்தது என்றே சொல்லலாம். இந்த ஊசலாட்டம் எங்கே முடிகிறது என்பதைப் பாதரசம்-177 வரை போய்ப் பார்த்துச் சொல்ல 2018 வரை ஆயிற்று.

இடையில் 1976-இல் காஃப்மன் என்ற இயற்பியலாளர் ஒரு யோசனையை எழுதினார். சூடான அயனி மூலத்திலிருந்து வரும் அயனிகள் பல வேகங்களில் அலைகின்றன. வேகம் மாறினால் டாப்ளர் விளைவால் அவை உறிஞ்சும் அதிர்வெண்ணும் மாறும். கோடு அகன்று மங்கிப்போகும். நிறை எண் 100 உள்ள அயனியை எடுத்துக்கொள்வோம். 0.2 எலக்ட்ரான்வோல்ட் வெப்ப ஆற்றலுக்கு அதன் வேகம் நொடிக்கு 620 மீட்டர். 500 நானோமீட்டர் ஒளியில் இது ஏறக்குறைய 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலம். தேடும் நகர்வு இதற்குள் மூழ்கிவிடும். இப்போது எல்லா அயனிகளையும் 30 கிலோவோல்ட்டில் முடுக்குங்கள். வேகம் நொடிக்கு 240 கிலோமீட்டர் ஆகிறது; ஆனால் ஆற்றல் வித்தியாசம் அதே 0.2 எலக்ட்ரான்வோல்ட்தான். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதே ஆற்றல் வித்தியாசம் இந்த உயர்வேகத்தில் நொடிக்கு 0.8 மீட்டர் வேக வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது. அகலம் 1.6 மெகாஹெர்ட்ஸ். லேசரைக் கற்றையோடு ஒரே கோட்டில் செலுத்தினால் போதும், 800 மடங்கு கூர்மை கிடைக்கும். ஒருகோட்டு லேசர் நிறமாலையியல் இப்படிப் பிறந்தது. மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 1978-இல் இதைச் செய்துகாட்டினார்கள். பின்னர் ஐசோல்டேயில் அமைந்த கோலாப்ஸ் கருவி இன்றும் இதே அடிப்படையில்தான் ஓடுகிறது. கால்சியம்-52-ஐ அளந்ததும் அதுதான்.

வோல்ட் மீட்டரின் நேர்மை

அழகான யோசனைதான், ஆனால் அது ஒரு கடனையும் ஏற்றி வைத்தது. இனி அயனியின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் தவறினால் அதிர்வெண்ணும் தவறும்.

கால்சியம் அயனியின் 393 நானோமீட்டர் கோட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோவோல்ட்டில் கால்சியம்-40-இன் டாப்ளர் நகர்வு 1.1 டெராஹெர்ட்ஸ். வோல்ட் மீட்டர் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 4 வோல்ட், பிசகினால் அதிர்வெண் 56 மெகாஹெர்ட்ஸ் பிசகும். இரு ஐசோடோப்புகளையும் ஒரே மின்னழுத்தத்தில் அளந்து கழித்துவிட்டால் பிழையின் பெரும்பகுதி நீங்கும் என்பது உண்மை. ஆனாலும் 40-க்கும் 52-க்கும் நிறை வேறு என்பதால் வேகமும் வேறு. ஏறக்குறைய 7 மெகாஹெர்ட்ஸ் மிஞ்சிவிடும். அது புள்ளியியல் பிழை அன்று. எத்தனை மணி நேரம் கூடுதலாக அளந்தாலும் குறையாது, எல்லா ஐசோடோப்புகளையும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போகும்.

இதனால்தான் பாதையை மேம்படுத்தப் போகிறவர்கள் முதலில் மின்னழுத்தப் பகுப்பானைப் பார்க்கிறார்கள். நியூட்ரினோவின் நிறையை அளக்கும் காட்ரின் ஆய்வுக்காக உருவான உயர் துல்லியப் பகுப்பானைக் கொண்டு ஐசோல்டேயின் முடுக்கு மின்னழுத்தத்தைச் சரிபார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதைத் தலைகீழாகவே திருப்பிவிட்டார்கள். அங்கே நன்கு தெரிந்த ஒளிக்கோட்டை வைத்து மின்னழுத்தத்தை அளக்கிறார்கள், பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவுத் துல்லியத்தில்.

இன்னொரு வழி மின்னழுத்தத்தைக் கணக்கிலிருந்தே விலக்குவது. ஒரு லேசரைக் கற்றை போகும் திசையிலும் இன்னொன்றை எதிர்த்திசையிலும் செலுத்தினால், இரு அதிர்வெண்களின் பெருக்கம் அயனி ஓய்வில் இருந்தால் காட்டும் அதிர்வெண்ணின் இருமடிக்குச் சரியாகச் சமம். சார்பியல் விளைவையும் சேர்த்தே இது பொருந்தும். வேகம் சமன்பாட்டிலிருந்து மறைந்துபோகிறது. பெரிலியம் போன்ற லேசான தனிமங்களில் இது இல்லாமல் முடியாது. அங்கே ஐசோடோப்பு நகர்வு முழுவதும் ஏறக்குறைய நிறை வித்தியாசத்தால் வருவது. ஆரத்தின் பங்கு அதற்குள் ஒரு சிறு துளி. 2009-இல் வெளியான ஐசோல்டே அளவீட்டில், ஒளி அதிர்வெண் சீப்பைத் துணைகொண்டு இந்த இருதிசை முறையில் பெரிலியம்-11-ஐ அளந்தார்கள். பெரிலியம்-10-இல் 2.36 ஃபெம்டோமீட்டராக இருந்த மின்னூட்ட ஆரம் பெரிலியம்-11-இல் 2.46 ஆகியிருந்தது. வெகுதூரம் விலகிச் சுற்றும் ஒற்றை நியூட்ரான், உள்ளே இருக்கும் கருவை அசைத்துவிடுகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. அந்தச் சோதனைக்கு அதிக அயனிகள் தேவைப்படவில்லை. எதிர்முனையில் ஒரு சன்னலும் அதன் வழியே சரியாக வந்து சேரும் இன்னொரு லேசரும் தேவைப்பட்டன.

கொத்துக்கொத்தாய்

கோலாப்ஸ் போன்ற கருவியில் லேசர் தட்டிய அயனி அல்லது அணு ஒளிர்வதை ஒளிப்பெருக்கிக் குழாய்கள் எண்ணுகின்றன. குழாய்க்கு அது எந்த ஒளி என்று தெரியாது. சன்னலின் விளிம்பில் சிதறிய லேசர் ஒளி, துளைத்தட்டின் ஓரத்தில் பட்டுத் தெறித்த ஒளி எல்லாமே எண்ணிக்கையில் சேரும். நாள் முழுக்க நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் இந்தப் பின்னணிக்குள், சில நூறு அயனிகள் அனுப்பும் ஒளித்துகள்களைத் தேட வேண்டியிருந்தது. நொடிக்குப் பத்து லட்சம் அயனிகள் இல்லாவிட்டால் முயற்சியே வீண் என்ற நிலை நெடுநாள் நீடித்தது.

அதை உடைத்தது பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகம். ரேடியோ அதிர்வெண் நான்முனைப் பொறியில் ஹீலியம் வாயுவை நிரப்பி, அயனிகளை அதற்குள் விட்டுக் குளிரவைத்து, சேர்த்துவைத்து, ஒரே கொத்தாக வெளியே தள்ளினார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. கணக்கு எளிது: 100 மில்லிநொடி சேர்த்து 10 மைக்ரோநொடிக் கொத்தாக விட்டால், அந்த 10 மைக்ரோநொடிக்கு மட்டும் ஒளியை எண்ணினால் போதும். பின்னணி பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு அயனிகூடக் கூடவில்லை. லேசர் அதே லேசர். ஐசோல்டேயில் இஸ்கூல் என்ற இதே வகைப் பொறி 2007-இல் வந்தது. கால்சியம்-52 சாத்தியமானது அதற்குப் பிறகுதான்.

இஸ்கூல் வந்தபோது வேறொன்றும் மாறியது. முன்பு அயனியின் ஆற்றலைத் தீர்மானித்தது இலக்கின் மின்னழுத்தம். ஐசோல்டேயில் புரோட்டான் துடிப்பு இலக்கில் விழும் கணத்தில் அங்குள்ள உயர் மின்னழுத்தத்தை இறக்கிவிடுவார்கள். சுற்றியுள்ள காற்று அயனியாகி மின்வழங்கியை இழுத்துவிடும் என்பதால். சில மில்லிநொடியில் அது பழைய நிலைக்குத் திரும்பும். இஸ்கூலுக்குப் பிறகு அயனி தன் பழைய ஆற்றலை ஹீலியத்தில் இழந்துவிட்டு, பொறியின் மேடை மின்னழுத்தத்திலிருந்து புதிதாகக் கிளம்புகிறது. ஆகவே துல்லியமாக அளக்க வேண்டிய மின்னழுத்தம் இடம் மாறிவிட்டது. பாதையின் ஒரு முனையில் கைவைத்தால் மறுமுனையின் கணக்குப் புத்தகத்தையும் திருத்த வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வெற்றிடம்

ஐசோல்டேயிலேயே உள்ள கிரிஸ் கருவியின் வழி வேறு. அது ஒளியை எண்ணுவதில்லை, அயனியை எண்ணுகிறது. அயனிக் கொத்தை முதலில் சோடியம் அல்லது பொட்டாசியம் ஆவி நிரம்பிய மின்னூட்டப் பரிமாற்றக் கலத்தின் வழியே விட்டு அணுக்களாக்குவார்கள். மாறாமல் எஞ்சிய அயனிகளை மின்புலத்தால் ஒதுக்கித் தள்ளுவார்கள். பிறகு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், அணுக்களின் மேல் இரண்டு மூன்று லேசர் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். முதல் லேசரின் அதிர்வெண் சரியாகப் பொருந்தினால் மட்டுமே அணு கிளர்ந்தெழும்; அடுத்த லேசர் அதன் எலக்ட்ரானைப் பறித்துவிடும். அப்படிப் பிறந்த அயனியை வளைத்துக் கண்டறிகருவிக்கு அனுப்புவார்கள். அயனியை ஏறக்குறைய ஒன்றுவிடாமல் பிடித்து எண்ணிவிடலாம். ஒளித்துகளில் பெரும்பகுதி தப்பித்துப் போய்விடும். கிரிஸின் உணர்திறன் இந்த வித்தியாசத்திலிருந்து வருகிறது.

இங்கும் கொத்துதான் வாழ்வளித்தது. நொடிக்கு 240 கிலோமீட்டர் ஓடும் அணு 1.2 மீட்டரை 5 மைக்ரோநொடியில் கடந்துவிடும். நொடிக்கு 100 முறை துடிக்கும் லேசர், இடைவிடாத கற்றையில் 2,000 அணுவுக்கு ஒன்றைத்தான் சந்திக்கும். கொத்தை அந்த 1.2 மீட்டருக்குள் அடக்கி, துடிப்பு விழும் கணத்தில் அங்கே இருக்கச் செய்தால் எல்லாவற்றையும் சந்திக்கும்.

ஆனால் கொத்தாக்குவதால் போகாத ஓர் இரைச்சல் கிரிஸுக்கு உண்டு. குழாயில் மிஞ்சியிருக்கும் வாயு மூலக்கூறுகளோடு மோதியும் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும். இந்தப் போலி அயனிகள் கொத்தோடு கொத்தாகவே வருவதால் நேரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. தேடும் ஐசோடோப்போடு அதே நிறை எண் கொண்ட வேறு தனிமமும் கலந்து வரும்போது நிலைமை மோசம். தோராயமாகக் கணக்கிட்டால், 10⁻⁸ மில்லிபார் அழுத்தத்தில் 1.2 மீட்டர் ஓடும் அணு இப்படி மோதி அயனியாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் இரண்டு மூன்று. கலப்படம் நொடிக்கு ஒரு கோடி அணுக்களாக இருந்தால் நொடிக்குச் சுமார் 30 போலிச் சமிக்ஞைகள். தேடும் ஐசோடோப்பு நொடிக்கு 20 வந்து, வழியில் ஏற்படும் எல்லா இழப்புகளும் போக நூற்றுக்கு ஒன்றைக் கருவி எண்ணுகிறது என்றால் உண்மைச் சமிக்ஞை ஐந்து நொடிக்கு ஒன்று. 10⁻¹⁰ மில்லிபாருக்கு இறங்கினால் போலி மூன்று நொடிக்கு ஒன்றாகக் குறையும். அப்போதுதான் தேடும் உச்சி தலைதூக்கும். 2020-இல் வெளியான செம்பு-78 அளவீடு நொடிக்குச் சுமார் 20 அயனிகளே வந்த நிலையில் நடந்தது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும்.

அந்த இரண்டு அடுக்கு இறக்கம் எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால், அது பொறுமையின் வேலை. ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுச் செம்பு வளையங்கள் போட வேண்டும். விளிம்பில் உள்ள கத்திமுனை செம்புக்குள் ஒரே சீராகப் பதிய, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே போக வேண்டும். கத்திமுனையில் நகக்கீறல் அளவு வடு இருந்தாலும் கசியும். பிறகு குழாய் முழுக்கச் சூடேற்றும் பட்டைகளைச் சுற்றி, மேலே அலுமினியத் தாளைப் போர்த்தி, எஃகின் உள்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் வெளியேறும்வரை நாள்கணக்கில் சுடவைக்க வேண்டும். சன்னல்களை மட்டும் மெதுவாகவே சூடேற்றலாம்; கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. இவ்வளவும் செய்த குழாய்க்கு ஒரு பக்கத்திலேயே ஆவி கக்கும் காரவுலோகக் கலம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஹீலியம் கசியும் பொறி. நடுவே குறுகிய துளைகளையும் தனித்தனிப் பம்புகளையும் வைத்துப் படிப்படியாக அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். துளை குறுகினால் வெற்றிடம் மேம்படும். ஆனால் கற்றையின் ஓரம் வெட்டுப்பட்டு அயனிகள் வீணாகும். எந்த மேம்பாட்டுத் திட்டத்திலும் கடைசிவரை இழுபறியாக இருப்பது இந்தத் துளையின் விட்டம்தான்.

லேசர் பக்கத்திலும் திருத்தங்கள் நடந்தன. கிரிஸின் தொடக்ககால ஃபிரான்சியம் அளவீடுகளில் கோட்டின் அகலம் 1.5 கிகாஹெர்ட்ஸ்; தொடர் லேசரை வேகமான ஒளித்தடுப்பானால் நறுக்கித் துடிப்பாக்கியதும், 2015-இல் வெளியான ஃபிரான்சியம்-219 அளவீட்டில் அது 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. எலக்ட்ரானைப் பறிக்கும் கடைசி லேசருக்குப் பதிலாக மின்புலத்தைப் பயன்படுத்தும் முறையை இண்டியத்தில் செய்துகாட்டி 2020-இல் வெளியிட்டார்கள். அணு அயனியாகும் இடம் மிகக் குறுகிவிடுவதால், வழியில் மோதிப் பிறந்த போலி அயனிகளை ஆற்றலால் பிரித்து ஒதுக்கலாம். லேசரைக் குறைத்து இரைச்சலையும் குறைத்த இந்த வேலை என்னை மிகவும் கவர்ந்தது. அதே ஆண்டில் ரேடியம் மோனோஃபுளோரைடு என்ற கதிரியக்க மூலக்கூறுக்குக் கிரிஸில் கிடைத்த நிறமாலையும் வெளியானது. இயற்கையின் சமச்சீர்மை மீறலைத் தேடுபவர்களுக்கு அது புதிய வாசல்.

இனி எங்கே

இப்போது பல திசைகளில் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் திறந்த ஃபிரிப் நிலையத்தில் பெகோலா, ஆர்கான் ஆய்வகத்தில் அட்லாண்டிஸ், கனடாவின் டிரையம்ஃபில் ஒன்று என ஒருகோட்டுப் பாதைகள் பெருகியிருக்கின்றன. உருகுவதற்கே மிகுந்த வெப்பம் கேட்கும் தனிமங்கள் ஐசோல்டேயின் கெட்டியான இலக்கிலிருந்து வெளியே வருவதில்லை. அவற்றுக்கு, பிறக்கும் அயனிகளை வாயுவில் நிறுத்தி வெளியே எடுக்கும் யுவாஸ்கூலாவின் வழிமுறை இன்றும் முதலிடம்.

ஐசோல்டேயில் உருவாகிவரும் மிராக்கிள்ஸ் கருவி வேறொரு வீணடிப்பைக் குறிவைக்கிறது. சாதாரணப் பாதையில் அயனி கண்டறியும் பகுதியை ஒரு மைக்ரோநொடியில் கடந்து, மறுமுனையில் மோதி முடிந்துபோகிறது. அது அழிய இன்னும் சில நொடிகள் இருக்கலாம். அந்த ஆயுளை நாம் பயன்படுத்துவதே இல்லை. மிராக்கிள்ஸில் இரண்டு மின்னிலைக் கண்ணாடிகளுக்கு நடுவே அதே கொத்து ஆயிரக்கணக்கான முறை ஓடித் திரும்பும்; ஒவ்வொரு ஓட்டத்திலும் லேசரைச் சந்திக்கும். இத்தகைய பொறிகள் வழக்கமாகச் சில கிலோவோல்ட்டில் ஓடுபவை. ஆனால் கோடு கூர்மையாக வேண்டுமானால் 30 கிலோவோல்ட் அளவு வேண்டும். அந்த மின்னழுத்தத்தை ஆடாமல் அசையாமல் பிடித்துவைப்பதுதான் அங்கே பெரிய பாடு. கிளர்ந்த அயனி மீண்டும் மீண்டும் அதே கீழ்நிலைக்குத் திரும்பும் மக்னீசியம் போன்றவற்றுக்கு இது வரம். இடையில் வேறு நிலைக்கு விழுந்துவிடும் அயனிகளுக்கு இதனால் பெரிய பலன் இல்லை; அங்கே கிரிஸ்தான்.

எந்தப் பாதையிலும், புரோட்டான் கற்றை இல்லாதபோதும் ஓடக்கூடிய தனி அயனி மூலம் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐசோல்டேயில் கற்றை நேரத்தை 8 மணி நேர முறைகளாகப் பங்கிட்டுத் தருகிறார்கள். கிடைக்கும் சில முறைகளில் லேசரையும் கற்றையையும் ஒரே கோட்டில் கொண்டுவரவே ஒரு முறை போய்விட்டால், அது வெற்றிடம் கெட்டதற்குச் சமமான இழப்பு. நிலையான ஐசோடோப்புகளைத் தரும் சிறிய மூலம் இருந்தால் இதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவிடலாம். ஒப்பீட்டு அளவீடும் அன்றாடம் கிடைக்கும், மின்னழுத்தம் நகர்ந்தால் அன்றே தெரியும். பல விண்ணப்பங்களில் இது கடைசிப் பத்தியில் வருகிறது, வெட்டும்போது முதலில் வெட்டுப்படுகிறது. இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐசோல்டேக்குப் புரோட்டான்களைத் தரும் பூஸ்டர் இப்போது 2 கிகாஎலக்ட்ரான்வோல்ட்வரை முடுக்க வல்லது. ஐசோல்டே இன்னும் 1.4-இலேயே ஓடுகிறது, கற்றையை நிறுத்தும் தடுப்புத் தொகுதிகளை மாற்றிய பிறகுதான் முழு ஆற்றலைப் பயன்படுத்தலாம். அது வரும்போது அரிய ஐசோடோப்புகளின் வரத்து கூடும் என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கூடவே அதே நிறை எண் கொண்ட கலப்படமும் கூடும். குளிரூட்டும் பொறிக்குக் கொள்ளளவு உண்டு. அளவுக்கு மீறி நிரப்பினால் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிக் கொத்தின் வடிவமும் ஆற்றலும் சிதையும். கிரிஸில் மோதிப் பிறக்கும் போலி அயனிகளும் கலப்படத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். கொத்துக்கு முன்னாலேயே நிறையால் பிரிக்கும் வலுவான பிரிப்பானும், அதற்குப் பின்னால் இன்னும் ஓர் அடுக்கு இறங்கிய வெற்றிடமும் தயாராக இல்லாவிட்டால், கூடுதல் வரத்தில் பெரும்பகுதி பின்னணியாகவே போய்விடும். ஆகவே இலக்குப் பகுதிக்கான வேலை தொடங்கும் நாளிலேயே பாதைக்கான வேலையும் தொடங்க வேண்டும். கால்சியம்-52-க்கும் அப்பால், நியூட்ரான் எண் 34 உள்ள கால்சியம்-54-இன் ஆரத்தை அளக்க வேண்டுமானால் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.